ராணி, வயது ஆறு மாதம்

கொள்ளு வேகும் வாசனையும் கழிச்சல் நாற்றமும் கலந்து ஒரு வாடை... வலங்கைமான் பக்கம் சேகர் அண்ணன் கொட்டகையில் நுழைந்ததும் அதுதான் முகத்தில் அடித்தது. நான் கால்நடை டாக்டராகி நான்கே மாதம். ஒரு தனியார் கிளினிக்கில் வேலை.

கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை விடுகிறவர் அண்ணன். அவருடைய குதிரைக்குட்டி ராணிக்கு விலா எலும்பு தெரிந்தது. அடிவயிற்றில் மட்டும் வீக்கம். விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நின்றது.

கிளினிக்கின் பெரிய டாக்டர் போனிலேயே முடித்துவிட்டார். பூச்சியாம், இன்னொரு தடவை மருந்து ஊற்ற வேண்டுமாம். ஏற்கெனவே இரண்டு தடவை ஊற்றியாகிவிட்டது சார், லத்தியில் பூச்சி முட்டையே இல்லை, ரத்தம் பார்க்கிறேன் என்றேன்.

"உன் இஷ்டம். குட்டிக்கு ஏதாவது ஆச்சு, நாளையிலேர்ந்து நீ வர வேண்டாம்."

அண்ணனும் தயங்கினார். "இருக்கறதே கொஞ்சம் ரத்தம்... அதையும் எடுக்கணுமா டாக்டரம்மா?"

"எடுக்கலன்னா இந்த வாரம் தாங்காதுண்ணே."

எடுத்தேன்.

கும்பகோணத்தில் முதல் லேபில் மிருக ரத்தம் வாங்க மாட்டோம் என்று கைவிரித்தார்கள். அடுத்த லேபில் குதிரை என்று நான் வாயே திறக்கவில்லை. பெயர் ராணி, வயது ஆறு மாதம். எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். அதில் என்ன பொய்?

சாயங்காலம் லேபிலிருந்து ஒரு பெண் பதறிப்போய்க் கூப்பிட்டார். "குழந்தைக்கு புரோட்டீன் ரொம்ப கம்மிங்க. உடனே ஆஸ்பத்திரியில சேத்துடுங்க."

உண்மையைச் சொன்னேன். வண்டி வண்டியாகத் திட்டினார். பாவம், அவர் பயந்தது நிஜம். இன்றைக்கும் அந்த ஒன்றுக்கு மட்டும் வருத்தம் உண்டு.

ஆனால் விடை கிடைத்துவிட்டது. ரத்தத்தில் இருக்க வேண்டிய புரதம் குடல் வழியாக ஒழுகிக்கொண்டிருந்தது; வீக்கம் அதனால்தான். குடலில் கிருமி என்று முடிவுகட்டி, யாரையும் கேட்காமல் மறுநாளே ஆன்டிபயாடிக் ஆரம்பித்தேன். தினமும் பஸ் ஏறிப் போனேன். மூன்றாவது வாரம் வீக்கம் வடிந்தது. ராணி எனக்கு ஓர் உதை விட்டாள். சந்தோஷமாக வாங்கிக்கொண்டேன்.

இப்போது சொந்த கிளினிக். ரத்தம் பார்க்கும் மிஷின் என் மேஜை மேலேயே இருக்கிறது. போன வாரம்கூட ஒருவர், குட்டிக்கெல்லாம் எதற்கு ரத்தம், பூச்சி மருந்து கொடுங்க போதும் என்றார். ஊசியைக் குத்திவிட்டுத்தான் பதில் சொன்னேன்.

ரொம்ப தைரியம் என்கிறார்கள். சும்மா... இன்று என்னை வேலையை விட்டு அனுப்ப ஆள் இல்லை, அவ்வளவுதான்.

வேலை போனாலும் போகட்டும் என்று அந்த ரத்தத்தை எடுத்தாளே அந்த நான்கு மாத டாக்டர், தைரியசாலி அவள்தான்.