ஈசானிய மூலையின் முட்டுச்சுவர்

அமெரிக்காவில் பார்சிப்பனிக்குப் பக்கத்தில் கோயிலுக்காக நாங்கள் வாங்கிய தேவாலயம் இன்று இல்லை. பனி தள்ளிவிட்டது என்று கமிட்டியில் சொல்வார்கள். பச்சைப் பொய். நாங்கள்தான் தள்ளினோம், அதில் எனக்கும் பங்கு உண்டு.

இங்கிலாந்தில் ஏதோ ஒரு கிராமத்தில் இடைக்காலத்தில் எழுப்பிய பங்குத் தேவாலயம்தான் அதற்கு மூலம். அங்கிருந்து பிழைக்க வந்தவர்கள் அதை அளந்து வரைந்து கொண்டுவந்து, இங்கே கொஞ்சம் சிறிதாகக் கட்டிக்கொண்டார்கள். கிழக்கே பலிபீடம், மேற்கு வாசலருகே ஞானஸ்நானத் தொட்டி, நெடுக கூர்முனை ஜன்னல்கள். செங்குத்தான மரக்கூரை தன் கனத்தைக் கீழே இறக்குவதோடு நிற்காது, சுவர்களை வெளியேயும் தள்ளும். அதைத் தாங்கத்தான் வெளிப்புறத்தில் கல்லால் ஆன முட்டுச்சுவர்கள். நான் கட்டட எஞ்சினியர். எனக்குச் சோறு போடுவதே இந்தக் கணக்குதான்.

சபையில் மிஞ்சியிருந்த சிலருக்குப் பொறுப்பாக ஒரு வயதான அமெரிக்கப் பெண்மணி இருந்தார். அவருடைய ஞானஸ்நானம், கல்யாணம், கணவரின் இறுதிப் பூசை எல்லாம் அங்கேதான். அபார்ட்மெண்ட் கட்டுகிறவர்களும் அந்த இடத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். உங்களுக்குக் கொடுத்தால் கட்டடம் நிற்குமா என்று என்னிடம் மட்டும் கேட்டார். நிற்கும், நான் பொறுப்பு என்றேன். அந்த வார்த்தையை நம்பித்தான் எங்களுக்குக் கொடுத்தார்.

வாங்கிய பிறகு கமிட்டி கோயம்புத்தூர் வாஸ்து நிபுணர் ஒருவரை வீடியோ காலில் கூப்பிட்டது. போனைக் கையில் பிடித்துக்கொண்டு கட்டடத்தைச் சுற்றி வந்தார்கள். வடகிழக்கு மூலையில் இரண்டு முட்டுச்சுவர்களைப் பார்த்ததும் அவர் முகம் சுளித்தார். ஈசானியத்தில் பாரம் இருக்கக் கூடாதாம், எடுத்துவிட வேண்டுமாம். கூரையின் தள்ளலைப் பிடித்திருப்பதே அவைதான் என்று கூட்டத்தில் சொன்னேன்.

"சார், லோடு அது இதுன்னு கன்ஃப்யூஸ் பண்ணாதீங்க," என்றார் தலைவர். "சாமி விஷயத்துல உங்க ஆபீஸ் கால்குலேஷனை கொண்டுவராதீங்க."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதன் பிறகு வாயில் கொழுக்கட்டையோடு உட்கார்ந்திருந்தேன். இந்த ஊரில் எங்களுக்கு இருந்த மனிதர்கள் அவர்கள்தான். பொங்கலுக்கும் கொலுவுக்கும் அவர்கள்தான் கூப்பிடுவார்கள், ஏர்போர்ட்டுக்கு அவர்கள்தான் வருவார்கள். இங்கே நகராட்சி மாதிரி இருக்கிற டவுன்ஷிப் அலுவலகத்துக்கு ஒரே ஒரு போன் போட்டிருந்தால் வேலை நின்றிருக்கும். போடவில்லை, பயந்தேன்.

பெர்மிட் எதுவும் வாங்காமல் ஒரு சனிக்கிழமை இரண்டையும் உடைத்தார்கள். நான் போகவில்லை. வாட்ஸாப் குழுவில் படங்கள் வந்தன. எல்லோரும் கைகூப்பும் பொம்மை போட்டார்கள். எல்லாம் தெரிந்த நானும் ஒன்று போட்டேன்.

குளிர்காலத்தில் கூரைமேல் பனி ஏறியது. வடக்குச் சுவர் உச்சியில் வெளியே சாய்ந்து, மூலையில் கை நுழையும் அளவுக்கு விரிசல் விட்டது. டவுன்ஷிப் சீல் வைத்தது. இடிக்கவேண்டும் என்று உத்தரவும் வந்தது. தலைவருக்கு ஒரே சந்தோஷம். "பாத்தீங்களா, தோஷம் தானா போயிடுச்சு. இனி நம்ம ஸ்டைல்ல கோபுரத்தோட கட்டலாம்."

இடிக்கும் நாளில் அந்தப் பெண்மணி வேலிக்கு வெளியே மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பார்க்காததுபோல் போய்விடலாம் என்று திரும்பினேன். கூப்பிட்டுவிட்டார். முன்கூட்டியே ஏதாவது தெரிந்திருந்ததா என்று மெதுவாகக் கேட்டார்.

ரொம்பப் பழைய கட்டடம், எந்த எஞ்சினியராலும் சொல்லியிருக்க முடியாது என்றேன்.

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "உங்களால் முடிந்ததைச் செய்திருப்பீர்கள், எனக்குத் தெரியும்," என்றார். அவராக விடும்வரை கையை அவரிடமே விட்டுவைத்திருந்தேன்.