படியேறிக்கொண்டிருக்கிறேன்

நாற்பத்தெட்டு மணி நேரம். ஒரு நிமிடம் கூடவில்லை, குறையவில்லை. கதை கட்டும் சாமர்த்தியம் எனக்குக் கிடையாது. நாலு பேர் நடுவில் வாய் திறக்கவே கூசுகிறவள் நான். இது நடந்தது. பயத்தால் இதை எழுதவில்லை. கோபத்தால் எழுதுகிறேன்.

அறிவியல் பட்டம் வாங்கிய கையோடு, மாடியில் இருந்த ஒரு கிளினிக்கில் கம்ப்யூட்டர் வேலைக்குச் சேர்ந்தேன். என் தலைக்கு மேல் ஒரு பலகை: ‘மெயில் அனுப்புங்கள். டாக்டரே பதில் எழுதுவார்.’

திங்கள் காலை 10.20. எங்கள் கிளினிக்குக்குத் திரைச்சீலை தைத்துக் கொடுத்த தையல்கார அம்மாவிடமிருந்து மெயில். ‘இடது கால் மட்டும் வீங்கியிருக்கிறது. படியேறினால் மூச்சு வாங்குகிறது. உடனே வரட்டுமா?’

10.21. டாக்டர் பெயரில் பதில் போனது. எல்லோருக்கும் போகும் அதே நாலு வரி. ‘பயம் வேண்டாம். தண்ணீர் குடியுங்கள். ஓய்வெடுங்கள். இரண்டு நாளில் சரியாகாவிட்டால் நேரில் வாருங்கள்.’

செவ்வாய் 10.21. அந்த அம்மாவின் மெயில். ‘ஓய்வில்தான் இருக்கிறேன். இன்னும் ஒரு நாள்.’

அப்பாடா என்றிருந்தது எனக்கு.

புதன் 10.05. டாக்டர் அறையிலிருந்து எட்டிப் பார்த்தார்.

“அந்தத் தையல்காரம்மா மெயிலையெல்லாம் அழிச்சிடு. அவங்க பொண்ணு இப்ப போன் பண்ணுச்சு, இங்கதான் வருது. கேட்டா, மெயிலே வரலைன்னு சொல்லு.”

“ஏன் சார்?”

“வேலையில இருக்கணுமா, வேண்டாமா?”

பல்லைக் கடித்துக்கொண்டு அழித்தேன்.

10.09. திங்கட்கிழமை மெயில் மறுபடி மேலே நின்றது. யாருமே படிக்காத மெயில் போலத் தடித்த எழுத்தில்...

அழித்தேன்.

10.12. மறுபடி.

10.17. புதிதாக ஒன்று. ‘இரண்டு நாள் ஆகப்போகிறது. படியேறிக்கொண்டிருக்கிறேன். இப்போது மூச்சு வாங்கவில்லை.’

வெளியே படிக்கட்டில் சத்தம்.

டக்... சர்ர்... டக்... சர்ர்...

ஒரு கால் ஊன்றி, ஒரு கால் இழுபட்டு.

பதினேழு படி. எண்ணினேன்.

10.21.

வாசல் திரைச்சீலை உள்பக்கமாகப் புடைத்தது.

யாரும் இல்லை.

வாசலோரம் எடை பார்க்கும் மெஷின். முள் நடுங்கியது... ஏறியது...

அறுபத்திரண்டு கிலோவில் நின்றது.

அப்போதுதான் லிஃப்ட் திறந்தது. கண்கள் சிவந்த ஒரு பெண் நேராக என் மேஜைக்கு வந்தாள். தையல்கார அம்மாவின் மகள். கையில் நொறுங்கிய போன்.

“டாக்டரே பதில் எழுதிட்டாரு, ரெண்டு நாள் பொறுக்கலாம்னு எங்கம்மா சொல்லிச்சு. திங்கக்கிழமை மத்தியானம் ரெண்டரைக்குப் படியில விழுந்து செத்துப்போச்சு. கையில இருந்த இந்தப் போனும் அப்பவே உடைஞ்சிடுச்சு. யாரு எழுதினது அந்தப் பதிலை?”

நான் அழித்த செவ்வாய்க்கிழமை மெயில் மறுபடி என் கண்ணெதிரே திரையில் இருந்தது.

டாக்டர் வெளியே வந்தார். “மெயிலே வரலம்மா. வேணும்னா இந்தப் பொண்ணையே கேளுங்க.”

முள் இன்னும் அறுபத்திரண்டில். இறங்கவில்லை. காத்திருந்தது.

எழுந்து அந்தப் பலகையைப் பிடுங்கி மேஜை மேல் போட்டேன்.

“வந்துச்சுக்கா. இவர் கண்ணால கூடப் பார்க்கல. யார் என்ன எழுதினாலும் அந்த நாலு வரியப் போடுன்னு சொல்லி வெச்சிருக்கார்.”

அதோடு நிறுத்தவில்லை.

“உங்கம்மா எழுதினதை முழுசாப் படிச்சிட்டு, அந்தப் பதிலை அனுப்பினது நான்தான்.”