அமெரிக்க நடிகைக்கு ஏழு வரித் தமிழ்

நான் மொழிபெயர்ப்பாளர். புத்தகம் மொழிபெயர்க்கிறவள் இல்லை. ஆஸ்பத்திரி, குடிவரவு அலுவலகம், பள்ளிக்கூடம் என்று ஆங்கிலம் விளங்காத தமிழருக்குப் பக்கத்தில் நின்று, அவர்கள் சொல்வதை அந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கம் சொல்வதை இவர்களுக்கும் சொல்கிறவள். இந்த வேலைக்கு வந்தபோது எங்களுக்குச் சொல்லித்தந்த முதல் பாடம், ஒன்றையும் கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது. அடுத்தது, முகத்தில் எதுவும் தெரியக் கூடாது. ஒரு அங்கிள் தன் மூலவியாதியை டொக்டருக்கு விலாவாரியாக விவரிக்கும்போதும் நான் வானிலை அறிக்கை வாசிப்பதுபோல நின்று சொல்வேன். அதற்காகவே என்னைத் திரும்பத் திரும்பக் கூப்பிடுகிறார்கள்.

அப்படிப்பட்ட என்னை ஒரு அமெரிக்க நடிகைக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கப் போகச் சொன்னார்கள்.

ரொறொன்ரோவில் எப்போதும் யாராவது படம் எடுத்துக்கொண்டிருப்பார்கள். அநேகமாக எங்கள் தெருக்களை நியூயோர்க் என்று பொய் சொல்லித்தான் எடுப்பார்கள். இந்தப் படத்தில் அபூர்வமாக ரொறொன்ரோ ரொறொன்ரோவாகவே வந்தது. இளம் வயதில் யாழ்ப்பாணத்து மிஷன் ஆஸ்பத்திரியில் வேலைசெய்த ஒரு அமெரிக்க டொக்டரம்மா, வயதான பிறகு இங்கே வந்து, தன்னுடைய பழைய நோயாளி ஒருவரைத் தேடிக் கண்டுபிடிக்கிறார். அவர் சாகக் கிடக்கிறார். டொக்டரம்மா கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்து தமிழில் ஏழு வரி கதைக்க வேண்டும். அந்த ஏழு வரியும் என் பொறுப்பு.

நடிகையின் பெயரைக் கேட்டு எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. மகள்தான் போனில் படத்தைக் காட்டினாள். "அம்மா, ஷீ இஸ் லைக்... எல்லாரின்ரை அம்மாவும் அவதான். எந்தப் படத்தைப் பார்த்தாலும் ஹீரோவுக்கு அம்மா." முகத்தைப் பார்த்ததும் எனக்கும் தெரிந்துவிட்டது. பல வருடங்களாக எங்கள் வீட்டு ரிவியில் வந்து யாரையாவது கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதுவிட்டுப் போகிற மனுசி.

ஏரிக்கரையில் அவருக்கு ஒரு அப்பார்ட்மென்ற் எடுத்துக் கொடுத்திருந்தார்கள். எழுபதை நெருங்குகிற வயது. வெறுங்காலோடு வந்து கதவைத் திறந்தார். அவர் பேசியதெல்லாம் ஆங்கிலம்தான். தொழில் பழக்கத்தில் என் தமிழிலேயே எழுதுகிறேன்.

முதல் வரியை நான் சொன்னேன்: "என்னைத் தெரியுதே உங்களுக்கு?"

அவர் திருப்பிச் சொன்னார். அச்சுப் பிசகவில்லை. ஆனால் கேட்க, மருந்துக்கடையில் அடுத்த ஆளைக் கூப்பிடுகிற மாதிரி இருந்தது.

"இதைச் சொல்லேக்கை டொக்டரம்மாவின்ரை மனசிலை என்ன இருக்கும்?" என்று கேட்டார்.

"தெரியாது. நான் உணர்ச்சியைச் சேர்க்கக் கூடாது."

"ஆர் சொன்னது?"

"வேலையிலை."

"அப்ப வேலை முடிஞ்சு வீட்டை போனாப் பிறகு?" என்றார். நான் அடுத்த வரியைச் சொன்னேன்.

வாரத்தில் இரண்டு நாள் போனேன். வரிகள் ஏழுதான் என்றபடியால் மிச்ச நேரமெல்லாம் அவர் தன் கதையைச் சொன்னார். அப்பாவுக்குச் சின்ன ஊர் ஒன்றில் ஆணி, வாளி, பெயின்ற் விற்கிற கடை. மகள் நடிக்க நியூயோர்க் போகிறேன் என்றதும் அப்பா, எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு சுத்தியலைக் கொடுத்து அனுப்பினாராம். அங்கே ஒரு பெரிய நாடகத்தில் வேலை கிடைத்தது. ஆனால் நடிக்க இல்லை. முக்கிய நடிகைக்குக் காய்ச்சல், வருத்தம் வந்தால் அவருக்குப் பதிலாக மேடையேற, எல்லா வரியையும் பாடமாக்கிக்கொண்டு பின்னால் காத்திருக்க வேண்டும். அந்தப் பெரிய நடிகைக்கோ குதிரைத் தேகம். மாரிகாலம் முழுக்க நியூயோர்க்கே தும்மிக்கொண்டிருக்க, அந்த அம்மாவுக்கு மட்டும் மூக்கு ஒழுகவில்லை.

"நான் ஒவ்வொரு நாளும் அவவுக்கு முன்னாலை போய் நிண்டு, எப்பிடிச் சுகம் எண்டு கேப்பன். பேந்து அவ என்னைக் கண்டாலே அறைக்குள்ளை போய்க் கதவைப் பூட்டத் தொடங்கிட்டா."

கடைசியில் யாரோ கொடுத்த கடலை மிட்டாயில் அந்த அம்மாவின் பல் உடைந்தது. இவர் மேடையேறினார். மண்டபத்தில் பாதிக் கதிரை காலி. ஆனால் நாடகத்தின் முடிவில் கதாநாயகி செத்து விழ வேண்டும். இவர் அவ்வளவு நன்றாக விழுந்தாராம். அன்றைக்குப் பார்க்க வந்திருந்த சினிமாக்காரர் ஒருவர் அடுத்த கிழமையே கூப்பிட்டுப் படத்தில் வேடம் கொடுத்தார். பிணம். மூச்சு விடாமல் கிடப்பதில் இவரை அடிக்க ஆளில்லை என்று பேராகி, தொடர்ந்து பிணமாகவே வாய்ப்பு வந்தது. இவருடைய அம்மா ஒவ்வொரு படமும் பார்த்துவிட்டு அழுது போன் எடுப்பாராம். பிறகு கண் திறக்கிற வேடங்கள். பிறகு மனைவி. நாற்பது வந்ததும் ஒரே இரவில் அம்மா. "நேற்று எனக்குப் புருசனா நடிச்சவர், இண்டைக்கு எனக்கு மகன்," என்றார். இப்போது அதிகமாக நீதிபதி வேடம். உட்கார்ந்துகொண்டே நடிக்கலாம், கறுப்பு அங்கிக்குள்ளே வீட்டுச் செருப்புப் போட்டிருக்கலாம்.

பெரிய விருதுகளுக்கு இரண்டு தரம் பேர் போய், இரண்டு தரமும் கிடைக்கவில்லை. கமெரா நம் முகத்தைக் காட்டிக்கொண்டிருக்கும்போது வேறு ஒருத்தியின் பேரை வாசிப்பார்கள். அந்த நேரத்தில் வைத்திருக்க வேண்டிய முகம் ஒன்று உண்டு என்று எனக்குச் செய்து காட்டினார். கண் கொஞ்சம் அகல, வாய் திறக்க, ஒரு கை நெஞ்சுக்குப் போக வேண்டும். என்னையும் கண்ணாடிக்கு முன்னால் நிறுத்திப் பழக்கினார். அடுத்த சனிக்கிழமை மிசிசாகாவில் ஒரு கொண்டாட்டத்தில், என் மச்சாள் தன் மகனுக்கு மெடிசின் படிக்க இடம் கிடைத்த செய்தியைச் சொன்னபோது அந்த முகத்தை வைத்துப் பார்த்தேன். மச்சாள் கண்கலங்கி என்னைக் கட்டிப்பிடித்தாள்.

ஒரு நாள் நடிகை, தமிழ் கதைக்கிற வீடு ஒன்றைப் பார்க்க வேண்டும் என்றார். ரொறொன்ரோவுக்கு வெளியே அஜக்ஸில் இருக்கிற எங்கள் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தேன். என் மனுசனுக்கு மிசிசாகாவில் விமான நிலைய வேலை. அன்றைக்கு லீவு போட்டுவிட்டு நின்றார். கலியாணத்துக்குப் போடுகிற கோட்டை வீட்டுக்குள்ளே போட்டிருந்தார்.

"மேடம், உங்கடை படம் ஒண்டும் நான் தவறவிட்டதில்லை," என்று ஆங்கிலத்தில் தொடங்கினார். "எல்லாத்திலும் எனக்குப் பிடிச்சது, நீங்கள் பனிக்குள்ளை லொறி ஓட்டிக்கொண்டு அந்த உடைஞ்ச பாலத்திலை போற படம்."

எனக்கு உயிர் போய்விட்டது. அந்தப் படத்தில் நடித்தது இவர் இல்லை, வேறொருத்தி. நான் மனுசனுக்குக் கண்ணைக் காட்டினேன். அவருக்குப் பிடிபடவில்லை.

நடிகை என் மனுசனைப் பார்த்துத் தலையசைத்தார். பிறகு, "நன்றி. அந்தப் பாலத்திலை சரியான குளிர்," என்றார். அதோடு விடவில்லை. எங்கள் சோபாவின் நுனியில் இருந்து, இல்லாத ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்து, அந்தக் காட்சியை நடித்துக் காட்டினார். உதடு நடுங்கியது. கண்ணாடிக்கு வெளியே பாலத்தைப் பார்க்கிற கண். என் மனுசன் கையிலிருந்த தேத்தண்ணி ஆறும்வரை அசையாமல் நின்றார்.

அவரைத் திரும்பக் காரில் கொண்டுபோகும்போது நான் மன்னிப்புக் கேட்டேன்.

"மன்னிப்பு ஏன்? அந்த வேடத்துக்கு நானும் போனனான். கடைசி ரெண்டு பேரிலை ஒருத்தி. அவளுக்குக் குடுத்திட்டினம்," என்றார். "எத்தினை வருசம் அதைப் பாடமாக்கி வைச்சிருந்தன் தெரியுமே? இண்டைக்குத்தான் நடிக்கக் கிடைச்சது."

அன்றைக்கு வீட்டில் நடந்த இன்னொரு விஷயத்தை நான் பெரிதாக எடுக்கவில்லை. புட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது லண்டனிலிருந்து அக்கா போன் எடுத்தா. முழங்காலில் ஒப்பரேஷன் செய்து ஆஸ்பத்திரியில் கிடந்தா. நான் குசினிக்குள் போய் நெடுநேரம் கதைத்தேன். எங்கள் வீடுகளில் ரெலிபோன் வைப்பது எப்படி என்று தெரியும்தானே. "சரி, அப்ப வைக்கிறன்" என்று சொன்ன பிறகுதான் உண்மையான கதை தொடங்கும். முதல் தரம் வைக்கிறன் என்றபோது அக்கா நோவைப் பற்றிச் சொன்னா. இரண்டாம் தரம் என்றபோது மருமகளைப் பற்றி. கடைசித் தரம் சொல்லும்போது நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். திரும்பிப் பார்த்தால் நடிகை புட்டுக் கோப்பையோடு குசினி வாசலில் நின்றார்.

படப்பிடிப்பு ஸ்காபரோவில், பாவனையில் இல்லாத ஒரு கட்டடத்தில் நடந்தது. சாகக் கிடக்கும் நோயாளியாக எங்கள் ஊர் நாடகங்களில் நெடுங்காலமாக ராஜா வேடம் போட்ட ஒரு அண்ணையைப் பிடித்திருந்தார்கள். ராஜாவாகவே பழகியவருக்குச் சத்தம் போடாமல் சாவது கஷ்டமாக இருந்தது. முனகினாலே மைக்கை வைத்திருந்த பையன் காதிலிருந்ததைக் கழற்றுவான்.

இயக்குநர் இளம் பெண். எல்லோரையும் அமைதியாக இருக்கச் சொன்னா. நடிகை கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தார். வாயைத் திறந்தார். வந்தது என் குரல். ஆஸ்பத்திரியில் வேலைசெய்கிற குரல் இல்லை. குசினிக்குள் நின்று அக்காவோடு கதைக்கிற குரல். வசனத்துக்கு நடுவே நான் இழுக்கிற "ம்ம்ம்" கூட இருந்தது. ஆறு வரியும் அப்படியே போயின. கடைசி வரி, நான் எழுதிக்கொடுத்தது, "போட்டு வாறன்," போய்விட்டு வருகிறேன் என்று.

அவர் அண்ணையின் கையை எடுத்து நெஞ்சில் வைத்தார். நெற்றியைத் தடவினார். கண் நிறைந்து, குரல் உடைந்து, "சரி, அப்ப வைக்கிறன்," என்றார்.

அண்ணையின் உதடு நடுங்கத் தொடங்கியது. பிறகு வயிறு. செத்துக்கொண்டிருக்கிற மனிதனுக்குச் சிரிப்பை அடக்குவதைவிடப் பெரிய வேதனை இல்லை. அவருடைய கண்ணிலிருந்து நீரே வந்துவிட்டது. இயக்குநர் கட் என்று சொல்ல மறந்துபோய் அழுதுகொண்டு நின்றா.

நான் ஓடிப்போய் உண்மையைச் சொன்னேன். அது ரெலிபோனை வைக்கும்போது சொல்கிற சொல் என்றேன்.

இயக்குநர் கேட்டா, "நேரடியான அர்த்தம் என்ன?"

கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. "ஒண்டைக் கீழை வைக்கிறது," என்றேன்.

"அதுதான், அதுதான்," என்று கண்ணைத் துடைத்தா.

நடிகையை ஒரு பக்கம் கூப்பிட்டு, ஏன் மாற்றினீர்கள் என்று கேட்டேன். "போட்டு வாறன் எண்டு உம்முடைய மகள் அண்டைக்குச் சப்பாத்துக் கொழுவிக்கொண்டு சொன்னவள், ஒருத்தரையும் பாக்கேல்லை. மற்றதை நீர் சொல்லேக்கை சுவரைப் பிடிச்சுக்கொண்டு நிண்டனீர். எந்தச் சொல் பிரியிற சொல் எண்டு எனக்குத் தெரியும்," என்றார். சரியான வரியையும் எடுக்கச் சொல்லி மன்றாடினேன். எடுத்தார்கள். அண்ணை இரண்டாம் தரம் அவ்வளவு நன்றாகச் சாகவில்லை. முதலில் எடுத்ததே படத்தில் வந்தது.

படம் வந்தபோது ஸ்காபரோத் தியேட்டர் ஒன்றில் எங்கள் ஆட்களுக்காக ஒரு காட்சி வைத்தார்கள். நான் கடைசி வரிசையில், வாசலுக்குப் பக்கத்தில் இருந்தேன். அந்த இடம் வந்தது. "சரி, அப்ப வைக்கிறன்." யாரோ ஒரு பொடியன் கெக்கட்டம் விட்டான், முழு மண்டபமும் சிரித்தது. என் மனுசன் சத்தமாகச் சிரித்துவிட்டு என்னைப் பார்த்து நிறுத்தினார்.

சிரிப்பு அடங்கியபோது எனக்கு முன்வரிசையில் இருந்த ஒரு அன்ரி கைலேஞ்சியால் முகத்தைப் பொத்திக்கொண்டு இருந்தா. பக்கத்தில் இருந்தவ, "என்னப்பா?" என்று கேட்க, "அப்பாவுக்கு நான் கடைசியாச் சொன்னது உதுதான்," என்றா. வதிவிடப் பேப்பர் இல்லாமல் இங்கே மாட்டுப்பட்டு நின்ற காலத்தில், ஊரில் சாகக் கிடந்தவர்களுக்கு ரெலிபோனில் எங்களில் எத்தனை பேர் வேறு எதைச் சொன்னோம். படம் முடிந்து வெளியே வந்தபோது சிலர் சிரித்துக்கொண்டும் சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டும் வந்தார்கள். ஒரு அங்கிள் இரண்டையும் செய்தார். நான் என் வேலையைக் கெடுத்தேனா இல்லையா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

அந்த வேடத்துக்கு நடிகையின் பேர் விருதுக்குப் போகவில்லை. அவர் சினிமாவைக் கொஞ்சம் விட்டுவிட்டுத் திரும்ப மேடைக்குப் போனார். அமெரிக்க எல்லைக்கு அந்தப் பக்கம், ஏரியோரம் ஒரு சின்னப் பட்டினத்து நாடக சபை. எங்களுக்கு ரிக்கெற் அனுப்பியிருந்தார். எல்லையில் நின்ற அதிகாரி, ஏன் போகிறீர்கள் என்று கேட்டான். நாடகம் பார்க்க என்றேன். நம்பவில்லை. கார் டிக்கியைத் திறக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு விட்டான்.

பகல் காட்சி. அவர் மேடையில் நெடுநேரம் ஒன்றும் பேசாமல் ஒரு கதிரையில் இருந்து பட்டாணி உரித்தார். அவ்வளவுதான் செய்தார், ஆனால் வேறு யாரையும் பார்க்க முடியவில்லை. முடிந்ததும் பின்வாசலால் முதுகுப்பையோடு வந்து, சாயங்காலக் காட்சிக்கு முன் கொஞ்சம் படுக்க வேண்டும், தங்கியிருக்கிற இடத்தில் இறக்கிவிடுங்கள் என்று காரில் ஏறினார். விலாசம் கேட்க நான் திரும்பினேன். பின்சீற்றில் வாயைத் திறந்தபடி நித்திரையாகிவிட்டார்.

"எழுப்பட்டே?" என்று மனுசனைக் கேட்டேன்.

"விடும், பாவம்," என்றார்.

ஏரிக்கரையில் காரை நிறுத்தினார். வெளியே காற்றுப் பலமாக அடித்தது. ஹீற்றரை மெல்லக் கூட்டிவிட்டு ரேடியோவை நிறுத்தினார். நாங்கள் இரண்டு பேரும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு இருந்தோம். நடிகை நன்றாக நித்திரைகொண்டு எழும்பி, எங்கே இருக்கிறேன் என்று கேட்டார். சொன்னேன். நேரத்தைப் பார்த்தார்.

"இனிப் படுத்து என்ன. இஞ்சை நல்ல ஐஸ்கிறீம் கடை ஒண்டு இருக்கு," என்றார். அந்தக் குளிருக்குள் மூன்று பேரும் இறங்கிப் போனோம்.