இரண்டு மாடிகளுக்கு நடுவே யூச்சின் அக்கா

லின்கோ நகரில் சர்வர் கணினிகள் செய்யும் எங்கள் கம்பெனியின் சோதனைக்கூடத்தில் யென் யூச்சின் அக்காவுக்குப் பதினெட்டு வருட சர்வீஸ். அவர் கையெழுத்துப் போட்டால்தான் ஒரு சிப் சர்க்யூட் பலகையில் ஏறும். நான் அவருக்கு அடுத்தபடி. அந்த வருடம் கூடத்துக்குத் தலைமைப் பதவி அவருக்குத்தான் என்று எல்லோரும் பேசிக்கொண்டோம்.

ரொம்ப வேகமாக ஓடும் சிக்னல் பாதி வழியிலேயே தேய்ந்துவிடும். அதை நடுவில் வாங்கி, சுத்தம் செய்து, மறுபடி அனுப்ப ஒரு சிப் உண்டு. வழக்கமாக வாங்கும் கம்பெனியில் சரக்கு இல்லை. வேறொரு கம்பெனியின் சிப்பையும் போடலாம் என்று அக்கா சோதித்துக் கையெழுத்துப் போட்டார். ஒரு மாதம் கழித்து வாடிக்கையாளரிடமிருந்து புகார் வந்தது. தாய்ப்பலகையில் பழைய சிப், துணை அட்டையில் புதிய சிப் என்று கலந்து போன சர்வர்களெல்லாம் பாதி வேகத்தில் ஓடின.

இரண்டு கம்பெனி ஆட்களும் வந்து இறங்கினார்கள். ரகசிய ஒப்பந்தமாம், ஒரே அறையில் உட்கார மாட்டார்கள். ஒருவர் மூன்றாம் மாடி, இன்னொருவர் நான்காம் மாடி. கேள்விகளோடு அக்கா படி ஏறி இறங்கினார்.

"எங்க சிப் விதிப்படிதான் ஓடுது. மேல இருக்கறவங்களக் கேளுங்க" என்றார் பழைய சிப் கம்பெனியிலிருந்து வந்து மூன்றாம் மாடியில் இருந்த ஷியே.

"மேலயும் இதத்தான் சொல்றாங்க. நான் என்ன சம்பந்தம் பேசவா வந்திருக்கேன்? உங்க சிப் பதிலுக்கு எவ்வளவு நேரம் காத்திருக்கும்னு மட்டும் சொல்லுங்க."

மூன்றாம் நாள் பிடிபட்டது. வேகம் ஏறுமுன் இரண்டு சிப்பும் ஒன்றையொன்று கேட்டுச் சரிசெய்துகொள்ள வேண்டும். புதியது நிதானமாகப் பதில் சொல்லும். பழையது அதுவரை பொறுக்காமல் வேகத்தைக் குறைத்துவிடும். விதியை இரண்டுமே மீறவில்லை. அக்கா பழையதைப் பழையதோடும், புதியதைப் புதியதோடும்தான் சோதித்திருந்தார். கலந்து சோதிக்க அவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

"புது சிப் மெதுவா பதில் சொல்லுதுன்னு அறிக்கையில எழுதிடுங்க அக்கா. பொய் இல்லியே" என்றேன்.

"அது மெதுவா பதில் சொல்லும்னு முன்னாடியே கண்டுபிடிக்க வேண்டியது யாரு வேல?"

"நம்ம வேல."

"நம்ம இல்ல, என் வேல. கையெழுத்து என்னோடது. நீ போய்ச் சாப்பிடு, சோறு ஆறுது."

எனக்கு எரிச்சலாக இருந்தது. இவ்வளவு நேர்மை யாருக்கு வேண்டும்?

பழைய சிப் காத்திருக்கும் நேரத்தைக் கூட்டியதும் சர்வர்கள் முழு வேகத்துக்கு வந்தன. வாடிக்கையாளருக்கு மூன்று அறிக்கைகள் போயின. தங்கள் சிப்பில் குறையில்லை என்று இரண்டு கம்பெனிகளும் எழுதியிருந்தன. அக்கா எழுதியது இரண்டே வரி: 'கலந்து சோதிக்காதது தவறு. சோதித்தவர் யென் யூச்சின்.'

தலைமைப் பதவி எனக்கு வந்தது. வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை.