புத்தூர் மெஸ்ஸில் ஜெயித்த கொரியா

பச்சிலைச் சாறும் முட்டை வெள்ளைக்கருவும் கலந்து காய்கிற ஒரு வாசனை... எலும்பு முறிந்து புத்தூருக்குப் போனவர்களுக்கும், துணைக்குப் போனவர்களுக்கும் அது தெரியும். நான் துணைக்குப் போனவள். கூட்டிப் போனது ஒரு கொரியாக்காரரை!

கொரியாவும் ஜப்பானும் சேர்ந்து உலகக் கோப்பை ஃபுட்பால் நடத்திய 2002ஆம் வருடம். டிப்ளமா முடித்த கையோடு, ஆந்திர எல்லையில் தடா பக்கம் ஹைவே ஓரத்தில் வந்திருந்த ஒரு கொரியாக் கம்பெனியில் குவாலிட்டி செக்ஷனில் சேர்ந்திருந்தேன். நகரிப் பக்கத்து எங்கள் ஊரிலிருந்து கம்பெனி வேலைக்குப் போன முதல் பெண் நான்தான்.

மெஷின்களைப் பொருத்தி ஓடவிட வந்தவர் கிம் சார். சிரிக்கவே மாட்டார். ஒரு போல்ட் சரியில்லை என்றால் மொத்தத்தையும் கழற்றச் சொல்வார். அப்படிப்பட்டவர் ஒருநாள் மெஷின் மேலிருந்து வழுக்கி விழுந்து இடது மணிக்கட்டை முறித்துக்கொண்டார்.

டிரைவர் முனிரத்தினம் அண்ணன் ஒரே பிடியாக நின்றார். "புத்தூருக்கு இட்டுக்கினு போலாம்மா. எங்க நைனாவுக்கு தொடை எலும்பே கூடிக்கிச்சு. நீ இங்கிலீஷ்ல எடுத்து சொல்லு."

சொன்னேன். கிம் சார் என்ன நினைத்தாரோ, தலையாட்டிவிட்டார். புத்தூரில் மூங்கில் பத்தை வைத்துத் துணி சுற்றிக் கட்டினார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

இரண்டாவது கட்டுக்குப் போன அன்று சாயந்திரம் ஐந்து மணிக்குக் கொரியாவுக்கும் இத்தாலிக்கும் மேட்ச். கட்டு முடிந்து வெளியே வரும்போதே மணி ஐந்தை நெருங்கிவிட்டது. தடா போய்ச் சேர்வதற்குள் மேட்ச் முடிந்துவிடும். எதிரே ஒரு மெஸ். நோயாளிகளும் துணைக்கு வந்தவர்களும் டீயும் கையுமாக டிவி பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ப்ளீஸ்..." என்றார் கிம் சார். அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து அன்றுதான் கேட்டேன். "ஸ்டேடியம், மை டவுன். வைஃப், சன்... தேர்."

மேட்ச் நடப்பது அவருடைய சொந்த ஊரில். மனைவியும் மகனும் உள்ளே உட்கார்ந்திருக்கிறார்கள். இவரோ புத்தூர் ரோட்டில்.

மெஸ் நடத்திய சரோஜம்மாவிடம் சொன்னேன்.

"அய்யோ பாபம்! பொண்டாட்டி புள்ள டிவில வருவாங்களா? மாத்திக்கோம்மா. ஆனா ஏழு மணிக்கு என் சீரியலு. இப்பவே சொல்லிட்டேன்."

டிவி முழுக்கச் சிவப்பு. ஒரு மைதானமே சிவப்புச் சட்டை போட்டு எழுந்து நின்று பாடியது. கங்காதர நெல்லூரிலிருந்து வந்த ஒரு விவசாயி, மாமரத்திலிருந்து விழுந்தவர், கட்டுப் போட்ட காலை பெஞ்சில் நீட்டி வைத்திருந்தார். "இன்னாம்மா இது, ஒரு ஆளு பாக்கி இல்லாம ஒரே கலர்ல துணி போட்டுக்கினு கீறாங்க?" என்று வாயைப் பிளந்தார்.

ஆரம்பத்திலேயே கொரியாவுக்கு ஒரு பெனால்டி. அடித்தவர் கோட்டை விட்டார். கொஞ்ச நேரத்தில் இத்தாலி கோல் போட்டது.

இத்தாலி மூன்று முறை கோப்பை வாங்கிய நாடு. கொரியாவோ அந்த வருடத்துக்கு முன்பு உலகக் கோப்பையில் ஒரு மேட்ச்கூட ஜெயித்ததில்லை. கிம் சார் சொன்னதை நான் தமிழிலும் தெலுங்கிலும் சொல்லச் சொல்ல, ஃபுட்பாலே தெரியாத அந்த மெஸ் மொத்தமும் கொரியா பக்கம் சாய்ந்துவிட்டது.

முடியப் போகிற நேரம்... கொரியா கோல்! சமம்!

ஆட்டம் நீண்டது. இனி யார் முதலில் கோல் போட்டாலும் அவர்களுக்கே வெற்றி, அத்தோடு முடிந்தது என்றார் கிம் சார். சரியாக அப்போது மணி ஏழு.

எல்லோரும் சரோஜம்மாவைப் பார்த்தோம். சீரியலுக்கென்றே பெண்கள் நாலைந்து பேர் வந்து நின்றிருந்தார்கள். "ஏமைந்தி அக்கா, மணி ஆச்சு, மாத்து" என்றது ஒரு குரல்.

சரோஜம்மா கிம் சாரைப் பார்த்தார். அவர் கட்டுப் போட்ட கையை மார்போடு அணைத்துக்கொண்டு கண்ணைக்கூடச் சிமிட்டாமல் நின்றிருந்தார்.

"சீரியலு நாளைக்கும் வரும்டி. அவரு ஊரு நாளைக்கு வருமா?"

ரிமோட்டை இடுப்பில் செருகிக்கொண்டார்.

அப்புறம்... பந்து உயரமாக வந்தது. ஒருவர் எம்பித் தலையால் தட்டினார். வலைக்குள்! யார் தெரியுமா? ஆரம்பத்தில் பெனால்டியைக் கோட்டை விட்ட அதே ஆள்!

கங்காதர நெல்லூர்க்காரர் காலில் கட்டு இருப்பதை மறந்து எழுந்திருக்கப் பார்த்தார். "குந்துய்யா! இன்னொரு தபா ஒடச்சிக்கப் போற!" என்று அவர் மனைவி அமுக்கினார். கிம் சார் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதார். எங்களை நடுங்க வைத்த மனுஷன்... குழந்தை மாதிரி. சரோஜம்மா ஒரு டம்ளர் காபியை அவர் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்.

பிறகு ஐ.எஸ்.டி. பூத்துக்கு ஓடினோம். அவருக்கு ஒரு கைதானே. நான்தான் மனைவியின் செல் நம்பரை அழுத்தினேன். லைன் கிடைக்கவில்லை. மறுபடி... மறுபடி... கடைசியில் எடுத்தார்கள். கிம் சார் ஏதோ சொல்ல வாயெடுத்து நிறுத்திவிட்டார். ரிசீவரை என் காதில் வைத்தார்.

பேச்சே இல்லை. ஆயிரமாயிரம் பேர் ஒரே தாளத்தில் கைதட்டிப் பாடுகிறார்கள். அதற்கு நடுவில் ஒரு சின்னப் பையனின் குரல், தொண்டை கட்டிப்போய், ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்பக் கத்துகிறது. அர்த்தம் கேட்கத் தேவைப்படவில்லை. சென்னையைத் தாண்டியிராத எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

கொரியா அரையிறுதி வரை போய் ஜெர்மனியிடம் ஒரே ஒரு கோலில் தோற்றது. அதற்கு முன் ஆசியாவில் எந்த நாடும் அவ்வளவு தூரம் போனதில்லை. கிம் சாருக்கு எலும்பு நன்றாகக் கூடியது. மெஷின்களை ஓடவிட்டு ஊருக்குப் போனார்.

இப்போது தடாவைச் சுற்றிக் கொரிய எழுத்தில் போர்டுகள். என் தங்கை மகன் கொரியாவிலேயே வேலை பார்க்கிறான், தினமும் வீடியோ காலில் வருகிறான். நினைத்துப் பார்த்தால் மலைப்பாகத்தான் இருக்கிறது.

போன உலகக் கோப்பையின்போது எங்கள் கம்பெனி கேன்டீனில் கொரிய இன்ஜினியர்கள் ஆளுக்கொரு மூலையில் ஃபோனில் மேட்ச் பார்த்துக்கொண்டிருந்தார்கள். திடீரென்று ஓர் இளைஞன் துள்ளி எழுந்தான்... சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, வெட்கப்பட்டு உட்கார்ந்துவிட்டான்.

என் தட்டை எடுத்துக்கொண்டு அவன் எதிரில் போய் உட்கார்ந்தேன்.

"கோலா?"

ஃபோனை என் பக்கம் திருப்பி, அந்தக் கோலை முதலிலிருந்து போட்டுக் காட்டினான்.