பூரணியின் பால் கோப்பை

நோர்வூட் பஸ் நிலையத்துக்கு எதிரே மாடியில் தையல் கடை வைத்திருக்கும் பூரணிக்கு நாற்பத்தாறு வயது. சிறுவயதுப் படம் ஒன்றுகூட அவளிடம் இல்லை. நாலு வயதில் தாயைப் பறிகொடுத்தவள். அன்று மழை வலுத்து தேயிலைத் தோட்டத்து மலையில் வேலையைப் பாதியில் நிறுத்திவிட்டார்கள். அடுப்பு மூட்டிவிட்டுப் பிள்ளையைத் தூக்க வரலாம் என்று லயத்து வீட்டுக்கு ஓடினாள் அம்மா செல்லாயி. மண் சரிந்து ஆறு வீடுகளை மூடியது. பூரணி அப்போது பிள்ளைக்காம்பிராவில், வேலைக்குப் போன தாய்மாரின் மற்றக் குழந்தைகளோடு தூங்கிக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு வளர்த்தது சித்தி. அம்மாவின் முகத்தை எவ்வளவோ நினைத்துப் பார்த்தும் பிடிபடாமல், நினைப்பதையே ஒருநாள் விட்டுவிட்டாள்.

போன மாதம் தோட்டப் பள்ளிக்கூடத்துத் தனுஜா டீச்சர் கடைக்கு வந்தார். அந்தத் தோட்டத்துப் பிள்ளைக்காம்பிராவை, பழைய பொருட்களைக் காட்சிக்கு வைக்கும் சிறிய நூதனசாலையாக்கியிருந்தார்களாம்.

"கண்ணாடி அலுமாரிக்குள்ள விரிக்கத் துணி தைக்கணும்ங்க. ஒருக்கா வந்து அளவெடுத்துக்கிறீங்களா?"

நாற்பத்திரண்டு வருடமாக மிதிக்காத மண். சரியென்று சொல்லிவிட்டு, அளவு நாடாவோடு பூரணி பஸ் ஏறினாள்.

இரண்டு அலுமாரிகளை அளந்து முடித்தாள். மூன்றாவதில் கறுத்துப்போன தகரக் கோப்பைகள் வரிசையாக இருந்தன.

"பிள்ளைங்க பால் குடிச்ச கோப்பைங்க," என்றார் டீச்சர். "இங்க பிள்ளைங்களப் பாத்துக்கிட்ட ஆயம்மா செத்ததுக்கப்புறம் அவங்க கட்டிலுக்கடியில ஒரு சாக்கு நிறைய கெடந்துச்சு. கோப்பை மாறிடக் கூடாதுன்னு தாய்மாரு ஆணியால அடையாளம் போட்டிருக்காங்க, பாருங்க. எழுதத் தெரியாதில்ல."

ஒன்றில் மீன். ஒன்றில் சூலம். ஓரத்தில் இருந்ததில் விளிம்பைச் சுற்றிப் புள்ளி புள்ளியாக ஒரு கொலுசு, மணிகள்கூடத் தொங்கின. கீழே சிறிய அட்டை: 'பூரணி.'

அளவு நாடா கையிலிருந்து நழுவியது.

"டீச்சர், இது யாரு பூரணி?"

ஆயம்மா பிள்ளைகளைப் பற்றி எழுதி வைத்திருந்த கொப்பியை எடுத்து டீச்சர் வாசித்தார். "'பூரணி. தாய் செல்லாயி. கொலுசு வாங்க முடியல, கோப்பையிலயாவது போடுறேன்னு சிரிச்சிக்கிட்டே குத்தினாள். தாய் மண்சரிவில் போனாள். பிள்ளையைச் சித்தி நோர்வூட்டுக்குக் கொண்டு போனாள். கோப்பை இங்கேயே நின்றுவிட்டது.'"

அம்மா சிரித்திருக்கிறாள்! அந்த ஒரு சொல் பூரணியை உலுக்கிவிட்டது. இத்தனை வருடமும் அம்மா என்றால் அவளுக்கு மண்ணும் மழையும்தான்.

"நான்தாங்க அது," என்றாள்.

டீச்சர் அலுமாரியைத் திறந்து கோப்பையை அவள் கையில் வைத்தார். பூரணி விரல் நுனியால் புள்ளிகளைத் தடவினாள். ஒன்றுகூட ஓட்டையாகவில்லை. பிள்ளையின் பால் ஒழுகிவிடாதபடி, உள்ளங்கை வலிக்க, அவ்வளவு பக்குவமாகக் குத்தியிருந்தாள் அம்மா. தையல்காரிக்கு அந்தக் கையின் நிதானம் விளங்கியது. கோயிலில் நிற்பதுபோல அசையாமல் நின்றாள்.

"வீட்டுக்குக் கொண்டு போங்கக்கா. உங்கட பொருள்தானே."

பூரணி கோப்பையை மற்றக் கோப்பைகளுக்குப் பக்கத்தில் திரும்ப வைத்தாள்.

"வேணாம் டீச்சர். மத்தப் பிள்ளைங்க கோப்பையோட இருக்கட்டும். அட்டையில மட்டும் எங்கம்மா பேரயும் எழுதிடுங்க. பெருசா எழுதுங்க."

டீச்சர் அங்கேயே உட்கார்ந்து புது அட்டை எழுதினார். செல்லாயி என்ற பெயர் எழுத்தெழுத்தாக வருவதைப் பூரணி இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.