ஸ்ரீரங்கம் ரோட்டில் இரண்டு பஸ்கள்

பிரேக் லைனர் கருகும்போது ஒரு நாற்றம் வரும். மூக்கில் ஏறி நாக்கில் கசப்பாக உட்கார்ந்துகொள்ளும் அந்த நாற்றம், அம்மா எத்தனை முறை சோப்புப் போட்டு அடித்துத் துவைத்தாலும் என் அப்பாவின் காக்கிச் சட்டையை விட்டுப் போனதே இல்லை. மற்றப் பிள்ளைகளுக்கு அப்பா என்றால் விபூதி வாசனையோ பவுடர் வாசனையோ நினைவுக்கு வரலாம். எனக்கோ, பிதுங்கப் பிதுங்க ஆட்களை ஏற்றிக்கொண்டு காவிரிப் பாலத்தில் பறக்கிற பஸ்ஸைக் கடைசி நொடியில் மிதித்து நிறுத்துகிற அந்தக் கருகல்தான் அப்பா.

திருச்சி ஜங்ஷனில் தொடங்கி, பாலக்கரை வழியாக மெயின்கார்டு கேட் வந்து, சத்திரம் பஸ் ஸ்டாண்டில் நின்று, அண்ணா சிலையைக் கடந்து பாலம் ஏறி, மாம்பழச் சாலையில் இறங்கி, திருவானைக்காவலைத் தொட்டுக்கொண்டு ஸ்ரீரங்கத்தில் போய் முடிகிற ரோடு அது. துண்டு துண்டாக அதற்கு ஊரில் பல பெயர்கள் உண்டு. திருவானைக்காவலில் இருந்த எங்கள் வீட்டில் மட்டும் மொத்தத்துக்கும் சேர்த்து ஒரே பெயர், "லைன்". அப்பா லைனுக்குப் போயிருக்கிறார் என்றால், இன்றைக்கு என்ன காயத்தோடு வருவாரோ என்று அர்த்தம்.

அந்த ரோட்டுக்கு ரத்தம் புதிதல்ல. மலைக்கோட்டைக்குள் ஒரு படையும் ஸ்ரீரங்கத்துத் தீவில் இன்னொரு படையுமாக நவாபுகளும் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மாறி மாறி அடித்துக்கொண்டபோது, பீரங்கி இழுத்துப் போன தடம் ஏறக்குறைய இதுதான். பிற்பாடு கோட்டைச் சுவரை இடித்து, அகழியைத் தூர்த்து, அதன்மேல் ரோடு போட்டார்கள். காவல் நின்ற வாசல் மட்டும் மெயின்கார்டு கேட் என்று மிச்சமாக நிற்கிறது. "அகழிய மூடித்தானே ரோடு போட்டிருக்கான், அப்புறம் எவன் இதுல நிம்மதியாப் போவான்?" என்பார் அப்பா, உதட்டில் வழிகிற ரத்தத்தைத் துண்டால் ஒற்றிக்கொண்டே. "அன்னைக்கு பீரங்கி, இன்னைக்கு ஏர்ஹாரன். அவ்வளவுதான் வித்தியாசம்."

அப்பா ஓட்டியது பச்சை நிறத் தனியார் டவுன் பஸ். அதற்கு முன்னால் ஒரு மஞ்சள் பஸ் போகும். இரண்டுக்கும் முதலாளிகள் வேறு வேறு. முன்னால் போகிறவன் நேரத்துக்குப் போய்த் தொலைக்காமல், ஒவ்வொரு நிறுத்தத்திலும் நத்தையாக ஊர்ந்து, பின்னால் வருகிறவனுக்குச் சேர வேண்டிய ஆட்களையும் வாரிக்கொள்வான். இதற்குப் பெயர் "உருட்டுறது". பின்னால் வருகிறவன் வெறிகொண்டு முந்திப்போய், முன்னவனின் மூக்குக்குக் குறுக்கே பஸ்ஸைத் திருப்பி நிறுத்துவான். அப்புறம் இரு தரப்பும் இறங்கும். சீட்டுக்கு அடியிலிருந்து ஜாக்கிக் கம்பி வெளியே வரும், கண்ணாடி உடையும், மண்டை உடையும். டைமிங் சண்டை என்று அதற்கு ஒரு கௌரவமான பெயர் வேறு.

இதிலே எங்கள் வீட்டுக் கூத்து என்னவென்றால், மஞ்சள் பஸ்ஸின் டிரைவர் என் அம்மாவின் கூடப்பிறந்த தம்பி, சேகர் மாமா. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கள் வீட்டில் உட்கார்ந்து ஆட்டுக்கறிக் குழம்பு சாப்பிட்டுவிட்டு, திங்கட்கிழமை காலை என் அப்பாவின் பல்லை உடைப்பார். அப்பாவும் லேசுப்பட்டவர் இல்லை. மாமாவின் முன்னங்கையில் தையல் போட்ட தழும்பு அப்பா போட்டது. ரோட்டு வழக்கப்படி ஒருவன் இன்னொருவனை வைய வேண்டுமென்றால் அவனுடைய அம்மாவையும் அக்கா தங்கையையும் இழுக்காமல் முடியாது. ஆனால் மாமாவின் அக்கா அப்பாவுக்கு மனைவி, மாமாவின் அம்மா அப்பாவுக்கு மாமியார். ஆகவே அந்த இருவர் மட்டும் ஒருவர் முதலாளியை மற்றவர் வைவார்கள், பஸ்ஸை வைவார்கள், டயரை வைவார்கள், பெண்களை மட்டும் தொட மாட்டார்கள். லைன் முழுவதும் இது தெரிந்த விஷயம். "வையறதுலயும் ஆசாரம் பாக்கறான், சண்டையில மட்டும் எங்களை ஆத்துல தள்ளிடுவான் போலருக்கே" என்று ஸ்ரீரங்கத்துப் பெரியவர் ஒருவர் கம்பியைப் பிடித்துத் தொங்கியபடி பெருமாளைக் கூப்பிடுவார்.

நடுவில் மாட்டிக்கொண்டது அம்மாதான். யாருக்கு அடிபட்டாலும் மஞ்சளும் சுண்ணாம்பும் குழைக்கிற கை ஒன்றே. "எவன் எவன அடிச்சாலும் எனக்குத்தான்டி விழுது. ஒரு நாளைக்கு ஒருத்தன் செத்து வரப்போறான், இன்னொருத்தன் ஜெயிலுக்குப் போகப்போறான். நான் யாருக்குன்னு அழுவேன்?" என்று என்னிடம் சொல்வாள். அவர்களிடமும் கெஞ்சினாள், சோறு போட மாட்டேன் என்று மிரட்டினாள், சமயபுரத்துக்கு வேண்டிக்கொண்டாள். தம்பியும் புருஷனும் ஒருவரையொருவர் அடித்துக்கொள்ளாத ஒரு வாழ்க்கை, அதைத் தவிர வேறெதையும் அவள் ஆசைப்பட்டு நான் பார்த்ததில்லை.

நான் ஏழாவது படித்த வருஷம் சண்டை முற்றியது. ஒரு நாள் பாலத்தின் நட்டநடுவில் இரண்டு பஸ்களும் பக்கத்துப் பக்கத்தில் ஓடின. பக்கவாட்டுக் கண்ணாடிகள் மோதித் தூளாகி, ஜன்னலோரம் இருந்த ஒரு பெண்ணின் கன்னத்தில் ஏறின. அப்போதும் இரண்டு பேரும் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுக்கவில்லை. என்ஜின் பெட்டிக்குப் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து பள்ளிக்கூடம் போகிற நான், கீழே காவிரியைப் பார்த்தேன், அப்பாவைப் பார்த்தேன். அப்பா சிரித்துக்கொண்டிருந்தார். எனக்கு அவர்மேல் கொள்ளைப் பிரியம் உண்டு, இன்றும் உண்டு; அந்தச் சிரிப்பை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

அந்தச் சமயத்தில் பச்சை பஸ்ஸுக்குப் புதுக் கண்டக்டர் வந்தார். தங்கராசு என்று பெயர், திருவெள்ளறைப் பக்கம். வயல் வேலையை விட்டு வந்து அந்த வாரம்தான் பை மாட்டியிருந்தார். என்னை "பாப்பா" என்று கூப்பிட்டு, கூட்டத்தில் என் புத்தகப் பையை வாங்கி வைத்துக்கொள்வார். நான் டிரைவரின் மகள் என்பது அவருக்குத் தெரியும். மஞ்சள் பஸ் டிரைவர் யாரென்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. லைனுக்கே தெரிந்த விஷயத்தைத் தனியாக யார் உட்கார்ந்து சொல்வார்கள்?

அன்று காலை மாமா மாம்பழச் சாலையிலிருந்து உருட்டிக்கொண்டே போனார். அப்பா பல்லைக் கடித்துக்கொண்டு விரட்டிப்போய் மெயின்கார்டு கேட்டில் குறுக்கே போட்டார். அப்பா இறங்குவதற்குள் தங்கராசு குதித்து ஓடினார். புது ஆள், டிரைவரிடம் நல்ல பெயர் வாங்க வேண்டாமா? மஞ்சள் பஸ்ஸின் டிரைவர் கதவை உள்ளங்கையால் ஓங்கி அறைந்து, எல்லாரும் கத்துகிற அதே வசவைக் கத்தினார். மாமாவின் அக்காளை இழுத்து.

மாமா தங்கராசுவைப் பார்க்கவில்லை, அவர் தலைக்கு மேலாக என் அப்பாவைப் பார்த்தார்.

"மச்சான், கேட்டீங்களா?"

"கேட்டேன் மாப்ள."

அப்பா என்ஜினை நிறுத்திவிட்டுக் கம்பியோடு இறங்கினார். தன் டிரைவர் தனக்குத் துணையாக வருகிறார் என்று நினைத்த தங்கராசு, நகர்ந்து இடம் விட்டு, அவரோடு தோளுக்குத் தோள் நின்றுகொண்டார். முதல் அடி அங்கிருந்துதான் விழுந்தது. இரண்டாவதை இறங்கி வந்த மாமா போட்டார். "அண்ணே, நான் என்னண்ணே பண்ணேன்?" என்று தங்கராசு கேட்டது என் காதில் விழுந்தது. அதற்கப்புறம் அவர் பேசவில்லை. தோல் பை பிய்ந்து சில்லறை ரோடெங்கும் உருண்டது. கீழே விழுந்தவரை ஒருவர் தூக்கிப் பிடிக்க, ஒருவர் அடித்தார்; பிறகு மாற்றிக்கொண்டார்கள். முகம் இருந்த இடத்தில் சிவப்பாக ஏதோ இருந்தது. பழக்கடைக்காரர்களும் ஆட்டோக்காரர்களும் வந்து பிரித்தபோது, அப்பாவும் மாமாவும் ஒருவர் தோளில் ஒருவர் கை போட்டு மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார்கள்.

நான் பள்ளிக்கூடம் போகாமல் வீட்டுக்கு ஓடிவந்து சொன்னதை அம்மா நம்பவில்லை. "அவங்க ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர்தான்டி அடிச்சுப்பாங்க, ஊரான் மேல கை வைக்கமாட்டாங்க" என்றாள். சாயங்காலம் அவர்கள் சேர்ந்து வந்தார்கள். கையில் அல்வாவும் மல்லிகைப்பூவும். முதலாளிகள் இருவரும் கூடி, ஆள் பஸ்ஸிலிருந்து விழுந்துவிட்டான் என்று சொல்ல ஏற்பாடு செய்து விஷயத்தை முடித்திருந்தார்கள்.

"இனிமே எனக்கும் மச்சானுக்கும் சண்டையே கிடையாதுக்கா. உன் மேல சத்தியம்" என்றார் மாமா.

அம்மா பூவை வாங்கவில்லை. "அந்த ஆளு எந்த ஆஸ்பத்திரில கெடக்காரு?" என்று கேட்டாள்.

"எந்த ஆளு?" என்றார் அப்பா.

மறுநாள் அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு, தூக்கில் ரசம் சாதத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போனாள். தங்கராசுவின் ஒரு கண் கட்டுக்குள் இருந்தது. அது இனி வராது என்று கால்மாட்டில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி சொன்னாள். அவர் மற்றக் கண்ணைத் திறந்து, "நீங்க யாருங்க?" என்றார். அம்மா தூக்கைக் கீழே வைத்துவிட்டு, "நான்தாங்க அந்த அக்கா" என்றாள்.

அவருக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் படுத்தபடியே இரண்டு கைகளையும் கூப்பினார். "தெரியாமச் சொல்லிட்டேங்க. மன்னிச்சிக்கங்க" என்றார். அவர் மனைவி தூக்கை எட்டி உதைத்தாள். ரசம் தரையில் ஓடியது. அம்மா குனிந்து முந்தானையால் அதைத் துடைத்தாள், துடைத்துக்கொண்டே இருந்தாள். சில நாளில் உறவுக்காரர்கள் வந்து அவர்களை ஊருக்கு அழைத்துப் போய்விட்டார்கள், அதற்குப் பிறகு நாங்கள் பார்க்கவில்லை.

இப்போது பழைய காவிரிப் பாலத்துக்குப் பக்கத்திலேயே புதுப் பாலம் எழும்புகிறது. கண்டக்டர்கள் கையில் மெஷின் வைத்துக்கொண்டு டிக்கெட் கிழிக்கிறார்கள். பச்சை பஸ்ஸும் இல்லை, மஞ்சள் பஸ்ஸும் இல்லை, இரண்டையும் எடைக்குப் போட்டுவிட்டார்கள். அப்பாவும் போய்ச் சேர்ந்துவிட்டார். கடைசிவரை அவரும் மாமாவும் ஒரு தட்டில் சாப்பிடாத குறையாக ஒற்றுமையாக இருந்தார்கள். அந்தக் கண் யார் அடியில் போனது என்பதில் மட்டும் அவர்களுக்குள் செல்லமாக ஒரு போட்டி இருந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை மாமா வந்திருந்தார். தலையெல்லாம் நரைத்து, கை நடுங்குகிறது. என் மகனை உட்கார வைத்து அந்தக் கதையை ஆரம்பித்தார். "எங்க அக்காவ ஒரு வார்த்தை சொல்லிட்டான்டா, உன் தாத்தாவும் நானும் சேர்ந்து..." என்று கையை ஓங்கிக் காட்டிவிட்டு, "அவன் பேரு என்னக்கா? மறந்தே போச்சு" என்றார்.

அம்மா அவர் தட்டில் குழம்பை ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"நீங்க ரெண்டு பேரும் சண்டை போட்டுக்கிட்டே இருந்திருக்கலாம்டா, சேகரு" என்றாள்.